சொல்லில்லா இசைக்கு ஒரு தொகுப்பாளர்

பாடல் வரிகளையோ பாடகரையோ பெரிதும் நம்பாமல், கருவிகளாலும் கணினியாலும் எழுப்பப்படும் தாளத்தையே உயிராகக் கொண்டது மின்னணு நடன இசை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 140 அடிகள் வரை ஓடும் இதன் பதிவுகளை, டிஜே எனப்படுபவர் ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தோடு தாளம் பிசகாமல் கலக்கும்படி இணைத்து, மணிக்கணக்கில் இடைவெளியின்றி நிகழ்த்துவார். திரைப்பாடல் வழியாகவே இசையைக் கேட்டுப் பழகிய இந்தியச் செவிகளுக்கு, கதையும் நாயகனும் இல்லாத இந்த இசை எளிதில் பிடிபடவில்லை.

ஆயினும் இம்மண்ணுக்கு அது அந்நியமாக இருக்கவில்லை. மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808 ஆகிய கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து 1982இல் வெளியிட்ட இசைத்தட்டு, அதே டிபி-303இன் ஒலியால் சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்னும் வகை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முந்தியது. வியப்புக்குரிய அந்த முயற்சி அன்று கவனிப்பாரின்றிப் போய், 2010இல் மறுபதிப்பு கண்ட பின்னரே உலகின் கவனத்தைப் பெற்றது. கோவாவின் அஞ்சுனா, வாகத்தூர் கடற்கரைகளில் வளர்ந்த 'டிரான்ஸ்' இசையோ பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகளின் விருந்துகளுக்குள்ளேயே நின்றது. இசை இருந்தது, அதை இந்திய இளைஞரிடம் கொண்டுசேர்ப்பவர்தாம் இல்லை.

அந்த இடத்தை நிரப்பியவர்களுள் முதன்மையானவர் நிகில் சின்னப்பா. பெங்களூரில் கட்டடக் கலை பயின்ற அவர், 1990களின் இறுதியில் எம்டிவி இந்தியாவில் விஜே ஆனார். பாடல் காட்சிகளுக்கிடையே தோன்றி நேயர்களோடு உரையாடும் தொகுப்பாளரை அக்காலத்தில் அவ்வாறு அழைத்தனர். திரையில் கிடைத்த புகழைத் திரையோடு நிறுத்திக்கொள்ளாமல், 2003இல் டிஜே பேர்ல் உள்ளிட்டோருடன் 'சப்மெர்ஜ்' என்னும் அமைப்பைத் தொடங்கி, இரவு விடுதிகளில் ஹவுஸ், டிரான்ஸ் நிகழ்ச்சிகளை நடத்தியதே அவர் ஆற்றிய அரும்பணி எனலாம். ஒரு டிஜேயின் பெயரைக் கேட்டிராத இளைஞரும், தொலைக்காட்சியில் பழகிய முகம் அழைத்ததை நம்பி வந்தனர். விளம்பரத்தால் மட்டும் இத்தகைய நம்பிக்கையை உண்டாக்கிவிட முடியாது.

2007 டிசம்பரில் கோவாவின் கண்டோலிம் கடற்கரையில் ஷைலேந்திர சிங்கின் பெர்செப்ட் நிறுவனம் நடத்திய முதல் 'சன்பர்ன்' விழாவுக்கு நிகிலே விழா இயக்குநராக இருந்தார். கார்ல் காக்ஸ், அபவ் & பியாண்ட் முதலிய வெளிநாட்டுக் கலைஞர்கள் அதில் இசைத்தனர். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி இயக்குவதை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கட்டுப்படுத்துவதால், ஐரோப்பாவில் நள்ளிரவுக்குப் பின் சூடுபிடிக்கும் இந்த இசை இங்கே பட்டப்பகலில் தொடங்க வேண்டியதாயிற்று. இருட்டறைக்கு உரியதாகக் கருதப்பட்ட நடனம், வெயிலில், மணலில், நுழைவுச்சீட்டு பெற்று வந்தோர் முன்னிலையில், உரிமம் பெற்ற பொதுவிழாவாக மாறியமைக்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

2013இல் நிகில் சன்பர்னிலிருந்து விலகி, வயாகாம்18 குழுமத்தின் 'விஎச்1 சூப்பர்சானிக்' விழாவில் இணைந்தார். அது கண்டோலிமில் அரங்கேற, சன்பர்ன் வாகத்தூருக்கு இடம்பெயர்ந்தது. ஒரே டிசம்பரில் கோவா இரு பெருவிழாக்களைக் கண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டுமே புனேயை நோக்கி நகர்ந்தன.