தாழிக்குள் இருந்த நெல்

மலருக்குச் சரித்திரம் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். திருவையாறு என்றால் ஐயாறப்பர் கோயில், தியாகராஜர் ஆராதனை என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கும் முந்தின காலத்தைப் பற்றி எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம், செம்மண் பூமி. சின்னப்பிள்ளையில் ஆடு மேய்க்கப் போனபோது, மழைத்தண்ணி அரித்த மேட்டில் பெரிய பானையின் வாய் தெரிந்தது. தங்கம் இருக்கும் என்று நாலைந்து பேர் சேர்ந்து கல்லைப் போட்டு உடைத்தோம். மண்ணையெல்லாம் அள்ளிக் கொட்டினோம். எலும்புத் துண்டு தவிர ஒன்றும் இல்லை. "சாவு வராத கிழடுகளை உயிரோட உக்கார வச்சு மூடுன தாழிடி அது" என்று அப்பாயி திட்டினாள். பயத்தில் எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல்.

அது முதுமக்கள் தாழி. அப்பாயி சொன்ன கதை எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. செத்தவர்களைத்தான் வைத்தார்கள். பல இடங்களில் எலும்பை மட்டும் பிறகு பொறுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தை எலும்பும் கிடைத்திருக்கிறது. கூடவே கறுப்பு சிவப்புச் சட்டிகள், இரும்புச் சாமான், பாசிமணி. தாழியைச் சுற்றி வட்டமாகக் கல் நட்ட ஊர்களும் உண்டு. இதைத்தான் பெருங்கற்காலம் என்கிறார்கள்.

பேர் போன இடம் தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் தாழிக்காடு. 1876-ல் ஜெர்மனிக்காரர் ஒருவர் தோண்டி, கிடைத்ததை அவர் நாட்டுக்கே கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தங்க நெற்றிப்பட்டம்கூடக் கிடைத்தது. இப்போது தாழிகளை எடுக்காமல் குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டு 2023-ல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.

எனக்கு அந்தத் தங்கத்தைவிடப் பெரிசு, அதே தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல். சோதித்துப் பார்த்ததில் கி.மு. 1155 என்று வந்ததாம். 3,000 வருஷத்துக்கு மேல்! நாற்று நடுகிற நமக்கு இது சொந்தக்காரச் செய்தி இல்லையா? நாங்கள் அன்றைக்கு அள்ளிக் கொட்டிய மண்ணில் என்ன இருந்ததோ.

நம் காவிரிப் பக்கம் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். மயிலாடுதுறை பக்கம் செம்பியன்கண்டியூரில் ஓர் ஆசிரியர் வாழையும் தென்னையும் வைக்கக் குழி வெட்டும்போது வழவழப்பான கற்கோடரி கிடைத்தது. 2006-ல் பேப்பரெல்லாம் அதுதான். அதில் உள்ள குறிகள் சிந்துவெளி எழுத்து என்று ஐராவதம் மகாதேவன் சொன்னார், ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. கல்லே இல்லாத வண்டல் பூமிக்கு அந்தக் கல் எங்கிருந்தோ வந்திருக்கிறது. அந்த ஆசிரியர் அதை வீசிவிடாமல் சொன்னதால்தான் 2008-ல் தொல்லியல் துறை அங்கே தோண்டியது.

நூறு நாள் வேலையில் மம்பட்டி பிடிப்பது நாம்தான். ஓட்டுச் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்தி, வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்ல வேண்டும். மண்ணுக்குள் கிடைக்கும் புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் இருக்கிறது. சுத்தம் பண்ணித் தருகிறோம் என்று உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், நெல் அதற்குள்தான் இருக்கும்.

இதை எழுதுமுன் அம்மாவுக்குப் போன் போட்டு அந்த மேட்டைப் பற்றிக் கேட்டேன். "எந்த மேடு? அதுதான் ஜேசிபி விட்டு நிரவி, தைலமரம் வச்சு ரெண்டு வெட்டு வெட்டியாச்சே" என்றாள்.