சேற்றின் நஞ்சை அளந்த கதை

அமெரிக்காவின் மினசோட்டா ஏரிகளில் ஓஜிப்வே பழங்குடியினர் 'மனோமின்' எனப் போற்றும் காட்டரிசி விளைகிறது. சல்ஃபேட் மிகுந்த நீரில் அது செழிப்பதில்லை என்பதை 1940களில் உயிரியலாளர் ஜான் மொய்ல் எடுத்துரைத்தார். 1973இல் லிட்டருக்கு 10 மில்லிகிராம் சல்ஃபேட் என்ற வரம்பு விதியாயிற்று.

ஆனால் வேரைத் தாக்கும் நஞ்சோ சேற்றில் இருந்தது! உயிர்வளியற்ற சேற்றில் நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. அதை அளப்பது எளிதன்று. காற்றுப் பட்டால் உருமாறிவிடும். ஆகவே, சேற்றிடை நீரை உறிஞ்சியவுடன் துத்தநாக உப்பிட்டு நிலைநிறுத்துவர். பின்னர், எமில் ஃபிஷர் 1883இல் விவரித்த மெத்திலின் நீல வினை உதவும். நீலம் அடர அடரச் சல்ஃபைடும் மிகுதி. எத்துணை எளிய சிந்தனை!

2017இல் மாநில அதிகாரிகள், சேற்றிடை நீரில் லிட்டருக்கு 120 மைக்ரோகிராம் சல்ஃபைடு என்பதை அடிப்படையாக்கி, ஏரிக்கு ஏரி தனி வரம்பு வகுக்க முனைந்தனர். 2018இல் நிர்வாக நீதிபதி அதனை ஏற்கவில்லை. மொய்லின் ஆய்வில் பிறந்த பழைய வரம்பே நிலைத்தது.