'ஆப்பர்ச்சூனிட்டி': ஒரு சொற்பொருள் வரலாறு

1. முன்னுரை

'ஆப்பர்ச்சூனிட்டி' என்னும் ஆங்கிலச் சொல் ஒரு செயலைச் செய்து முடிப்பதற்குச் சாதகமான நிலையைக் குறிக்கிறது. தமிழில் இதற்கு வாய்ப்பு, சந்தர்ப்பம், தருணம், சமயம் முதலிய சொற்கள் வழங்குகின்றன. எவ்விடத்தில் எச்சொல்லை ஆள்வது என்பதைத் தெளிய, ஆங்கிலச் சொல்லின் பொருள் வளர்ச்சியை அறிதல் துணைசெய்யும். அவ்வளர்ச்சியையும், அது தமிழாக்கத்திற்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொற்பிறப்பு

இச்சொல்லுக்கு மூலம் இலத்தீன் 'ஒப்போர்ட்டூனுஸ்' என்னும் பெயரடையாகும். 'நோக்கி, எதிரே' எனப் பொருள்படும் 'ஒப்' என்னும் முன்னொட்டும், துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்டுஸ்' என்னும் பெயரும் இதில் அமைந்துள்ளன. 'போர்ட்டுஸ்', வாயிலைக் குறிக்கும் 'போர்ட்டா' ஆகிய இரண்டிற்கும் அடி ஒன்றே; கடந்து செல்லுதல் என்பது அதன் பொருள். வழியைக் குறிக்கும் கிரேக்கப் 'போரொஸ்', அக்கரையைக் குறிக்கும் வடமொழிப் 'பார' ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

துறைமுகம் எவ்வாறு 'ஏற்றது' என்னும் பொருளைத் தந்தது என்பதற்கு இரு விளக்கங்கள் உண்டு. கடலோடிகளுக்குத் துறைமுகமே மிகப் பயனுடையது, மிக விரும்பப்படுவது என்பதால் இச்சொல் பிறந்தது என்பது கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான ஃபெஸ்துஸ் காட்டும் காரணம். துறைமுகத்தை நோக்கிக் கப்பலைச் செலுத்தும் காற்றுக்கு அடையாக இச்சொல் முதலில் வழங்கியிருக்கும் என்பது இக்கால அகராதிகள் பல கூறும் விளக்கம்.

இவையன்றி, ஊக்கவுரைகளில் மூன்றாவது கதை ஒன்றும் சொல்லப்படுகிறது. துறைமுகத்திற்கு வெளியே கடலோதம் பெருகும்வரை காத்துநிற்கும் கப்பலே இச்சொல்லின் தோற்றம் என்பர். இதனை ஏற்பதற்கில்லை. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஓத ஏற்றவிறக்கம் மிகச் சிறிது; பாய்மரக் கப்பலுக்கு அங்கே காற்றே முதன்மையானது. மேலும், காத்திருத்தலைச் சுட்டும் உறுப்பு எதுவும் இச்சொல்லில் இல்லை.

3. இலத்தீன் வழக்கு

இலத்தீனில் இப்பெயரடை காலத்திற்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. பாசறை அமைப்பதற்கு ஏற்ற இடம், படை செலுத்துவதற்கு வசதியான நகரம் ஆகியனவும் இவ்வடையைப் பெற்றன. தாக்குதலுக்கு எளிதில் இலக்காவதையும் இச்சொல்லே குறித்தது. ஒருவனுக்கு ஏற்ற இடம் அவன் பகைவனுக்கும் ஏற்றதாகலாம் அல்லவா! இதன் எதிர்ச்சொல்லான 'இம்போர்ட்டூனுஸ்' பொருந்தாததையும் தொல்லை தருவதையும் குறித்தது. விடாது நச்சரித்தலைக் குறிக்கும் 'இம்பர்ச்சூன்' என்னும் ஆங்கில வினை அதன் வழிவந்ததே.

கி.மு. 44இல் எழுதிய 'கடமைகள்' என்னும் நூலில், செயலுக்கு ஏற்ற காலத்தைக் கிரேக்கர் 'எவ்கைரியா' என்பர், இலத்தீனில் அது 'ஒக்காசியோ' எனப்படும் என்று சிசரோ விளக்குகிறார். 'ஏற்ற' என்னும் அடைக்கு அவர் ஆள்வது 'ஒப்போர்ட்டூனுஸ்' என்பதையே. பெயராக நிற்பதோ 'ஒக்காசியோ'. அக்காலத்தில் 'ஒப்போர்ட்டூனிட்டாஸ்' என்னும் பெயர் பெரிதும் பொருத்தம், வசதி, நலம் என்னும் பண்புகளையே சுட்டியது.

4. பண்பிலிருந்து பொருளுக்கு

மத்தேயு நற்செய்தி 26ஆம் அதிகாரத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுப்பதற்கு யூதாசு தேடியது மேற்குறித்த 'எவ்கைரியா'வே. வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியம் அங்கே 'ஒப்போர்ட்டூனிட்டாஸ்' என்பதை ஆள்கிறது. பண்புப்பெயர், தேடிப் பெறக்கூடிய ஒன்றன் பெயராயிற்று. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனிலிருந்து செய்யப்பட்ட விக்லிஃப் வழி ஆங்கில விவிலியமும் அச்சொல்லையே ஏற்றது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் 'சமயம்' என்பதைப் பெய்துள்ளது. 'சமயம் பார்த்தல்' என்னும் தொடரில் உள்ள சூழ்ச்சிக் குறிப்பு அவ்விடத்திற்கு முற்றும் பொருந்துகிறது.

1870களில் பிரெஞ்சு அரசியலில் கம்பெத்தாவைச் சார்ந்த மிதவாதக் குடியரசினர் 'ஒப்போர்த்யூனிஸ்த்' எனப்பட்டனர். கொள்கையைக் காலத்திற்கேற்ப வளைப்பவர் என்னும் இகழ்ச்சி அச்சொல்லில் ஏறியது. தமிழில் அவ்விகழ்ச்சியைத் தாங்குவது 'சந்தர்ப்பவாதம்'. 'வாய்ப்பு' என்னும் சொல்லுக்கு அக்கறை ஒட்டவில்லை.

5. தமிழாக்கச் சிக்கல்

ஆங்கிலத்தில் 'சான்ஸ்', 'ஒக்கேஷன்' ஆகிய இரண்டும் 'விழுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் 'காதெரே' என்னும் வினையின் வழிவந்தவை. 'சான்ஸ்' என்பதில் தானாக விழுவது என்னும் தற்செயற் குறிப்பு உண்டு. 'ஆப்பர்ச்சூனிட்டி' என்பதில் ஓர் இலக்கும், அதனை அடையும் வழியும் உள்ளடங்கியுள்ளன.

தமிழில் 'வாய்ப்பு' என்பது 'வாய்த்தல்' என்னும் வினையின் வழியது. 'நல்ல மருமகள் வாய்த்தாள்' என்பதில் கிட்டுதல், நன்கு அமைதல் ஆகிய இரண்டும் உண்டு. 'விபத்து வாய்த்தது' என எவரும் கூறார். ஆயினும் 'விபத்து நேர வாய்ப்புள்ளது' எனச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. 'சான்ஸ்', 'பாசிபிலிட்டி', 'பிராபபிலிட்டி' ஆகிய மூன்றிற்கும் 'வாய்ப்பு' என்ற ஒன்றையே பெய்ததன் விளைவு இது.

இது நடை பற்றிய குறை மட்டுமன்று. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு, பொது வேலைகளில் 'ஆப்பர்ச்சூனிட்டி' சமமாக இருத்தலை உறுதிசெய்கிறது. இதனைச் 'சமவாய்ப்பு' என்கிறோம். 'வாய்ப்பு' என்பதை நிகழ்தகவாகக் கொள்ளின், அனைவர்க்கும் வேலை கிடைக்கும் அளவு ஒன்றே என்று பொருள்பட்டுக் குலுக்கற்சீட்டு முறையாகிவிடும். உறுப்பு கருதுவது அதுவன்று. வேலைக்கு முயலும் வழி எவர்க்கும் நியாயமின்றி அடைபடாதிருத்தலே.

6. முடிவுரை

வேர்ச்சொல்லைப் பின்பற்றித் 'துறைமுகம்' என்னும் கருத்தைத் தமிழில் புகுத்த வேண்டுவதில்லை. ஆயின் அவ்வரலாறு காட்டும் வேறுபாட்டைப் பேணுதல் வேண்டும். இலக்கும் வழியும் கருதப்படும் இடத்தில் 'வாய்ப்பு', கணக்கியலில் 'நிகழ்தகவு', எதிர்பாரா நிகழ்வில் 'தற்செயல்', தீமை நேரக்கூடிய இடத்தில் 'கூடும்' என்னும் துணைவினை அல்லது 'அபாயம்' என வரையறுத்து ஆள்வது மொழிபெயர்ப்பாளர் கடன். சட்டத் தமிழில் இவ்வரையறை இன்றியமையாதது.