முதல் கல்யாணமே குற்றம்

வேலை நேரத்துக்கு வெளியே செய்த காரியத்துக்காக வேலை போகுமா என்று கேட்டு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சந்தேபேட்டையில் குடித்துவிட்டுக் கைகலப்பு, ஃபேஸ்புக்கில் மந்திரியைத் திட்டியது, மனைவி இருக்கும்போதே இன்னொரு குடித்தனம். மைசூரில் தொழிலாளர் வழக்கும் பணி வழக்கும் நடத்தி வயதாகிவிட்டது எனக்கு. இவர்களுக்குச் சட்டத்தில் நிறைய இடம் உண்டு. செய்த காரியத்துக்கும் பார்க்கிற வேலைக்கும் என்ன தொடர்பு என்று நிர்வாகம் காட்டியாக வேண்டும்; விசாரணை வைக்க வேண்டும்; இவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். ஆனால் இந்த நாட்டில் விசாரணையே இல்லாமல் வேலையைப் பறித்த ஒரு வெளிக்காரியம் இருந்தது. அதைச் செய்தால் குற்றவாளி ஆனது பெண் மட்டும். கல்யாணம்.

நம் பக்கத்து ஓசூரிலிருந்தே தொடங்கலாம். 1951இல் ஐ.ஏ.எஸ்.ஸுக்குத் தேர்வான அன்னா ராஜம் ஜார்ஜை நேர்முகத்தில் இருந்த பெரிய அதிகாரிகள் வேறு துறைக்குப் போகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை, சென்னை மாநிலத்தையே கேட்டு வாங்கினார். கைக்கு வந்த நியமன உத்தரவில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று எழுதியிருந்தது. முதலமைச்சர் ராஜாஜிக்கும் ஒரு பெண்ணைக் களத்துக்கு அனுப்பத் தயக்கம். தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கலாமே என்றார். அன்னா வாதாடி, அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூருக்கு சப் கலெக்டராகப் போனார். குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுவதும் கற்றவர், எனக்கென்ன குறை என்று கேட்டவர். அந்த நிபந்தனை சில ஆண்டுகளில் விதியிலிருந்து போனது. அவர் கல்யாணம் செய்துகொண்டது பல பத்தாண்டுகள் கழித்து.

மைசூரிலிருந்து உன்சூர் வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் விராஜ்பேட்டை. சி.பி. முத்தம்மா 1924இல் அங்கே பிறந்தவர். மடிக்கேரியில் பள்ளி, சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். சேரும்போதே, கல்யாணமானால் ராஜினாமா செய்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. முப்பது ஆண்டுகள் அந்த விதியின் கீழேயும் அதன் வாசனையிலும் வேலை பார்த்து, ஹங்கேரியில் தூதராகவும் இருந்துவிட்டு, பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார்.

1961ஆம் ஆண்டு விதிகள் இப்படி: வெளியுறவுப் பணியிலுள்ள பெண் திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். மணமான பெண் நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று இன்னொரு விதி. ஆணுக்கு? மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964ஐப் புரட்டினால், முதல் மனைவி உயிரோடிருக்க இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று இருக்கும். ஆணுக்கு இரண்டாம் கல்யாணம் குற்றம். பெண்ணுக்கு முதல் கல்யாணமே.

வழக்கு நடக்கும்போதே அரசு முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. ஒரு விதி 1973லேயே நீக்கப்பட்டது, மற்றதும் போகப்போகிறது என்றது. 1979 செப்டம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆனால் குடும்பப் பொறுப்பு பெண்ணுக்கு இடைஞ்சல் என்றால் ஆணுக்கும் அதே இடைஞ்சல்தானே என்று கேட்டு, எல்லாப் பணி விதிகளையும் அலசிப் பாகுபாட்டைக் களையச் சொன்னார். தோற்ற மனுவில் ஜெயித்த பெண் என்று ஜூனியர்களிடம் சொல்வேன்.

இந்தக் கல்யாணத் தடை நம் பழக்கத்தில் மட்டும் முளைத்ததில்லை. பிரிட்டன் உள்நாட்டு அரசுப் பணியில் 1946இலும் வெளியுறவுப் பணியில் 1973இலும்தான் இதைக் கைவிட்டது. நம்மிடம் இருந்த வழக்கம் அதோடு சுலபமாகக் கலந்தது. சகோதரி சுப்புலட்சுமி சென்னை ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைப் படிக்க வைத்து ஆசிரியைகள் ஆக்கினார்; பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் சம்பளத்துக்குப் போகிற பெண் என்றால் புருஷன் இல்லாதவள் என்ற எண்ணம் ஊரில் அசையாமல் இருந்தது.

என் பெரியம்மா மைசூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் பின் போட்டுக் குத்திக்கொள்வாள். பஸ் ஸ்டாண்டில் மெட்டியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிவாள். "கழட்டினா புருஷனுக்கு ஆகாதுன்னு அம்மா சொன்னா, போட்டா வேலைக்கு ஆகாதுன்னு மேனேஜர் சொன்னார். ஒண்ணாந்தேதி சம்பளம் கொடுக்கிறது மேனேஜர்தானே" என்பாள். வயிறு தெரியத் தொடங்கியதும் தானாகவே நின்றுவிட்டாள்.

அவளுக்குத் தெரியாத ஒரு தீர்ப்பு 1965லேயே வந்திருந்தது. பம்பாயில் ஒரு மருந்து நிறுவனத்தின் பேக்கிங் பிரிவில், கல்யாணமானால் பெண்ணின் வேலை போய்விடும் என்று விதி. மணமானவர்கள் அதிகம் லீவு போடுகிறார்கள் என்றது நிர்வாகம். பிரசவ விடுப்புதான் கவலை என்றால் கூடுதலாகச் சில பெண்களை வைத்துக்கொள் என்றது உச்ச நீதிமன்றம். எனக்குப் பிடித்த தீர்ப்பு அது. கணக்குக்குக் கணக்காலேயே பதில். அதே நீதிமன்றம் 1981இல் ஏர் இந்தியா வழக்கில், முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணை அனுப்பும் விதியை அருவருப்போடு அடித்தது. சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை மட்டும் விட்டுவைத்தது. உடல்நலத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லதாம்! நீதிபதிகள் மாமனார் ஆகிவிட்ட இடம்.

ஆயுள் காப்பீட்டுக் கழகம் வேலைக்கு வரும் பெண்ணிடம் மாதவிலக்குத் தேதியைப் படிவத்தில் கேட்டது. தப்பாக எழுதினாள் என்று ஒருத்தியை நீக்கியது. 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்த்து, அந்தக் கேள்விகளையும் எடுக்கச் சொன்னது. ராணுவச் செவிலியர் பணியில், கல்யாணமானால் வேலை போகும் என்ற 1977ஆம் ஆண்டு உத்தரவு ஒன்று 1995 வரை உயிரோடு இருந்தது. 1988இல் கல்யாணத்துக்காக வெளியேற்றப்பட்ட ஒரு செவிலியருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. முப்பத்தாறு வருஷம்.

இப்போது பெரும்பாலான விதிப்புத்தகங்களில் அந்த வரி இல்லை. ஆனால் இன்டர்வியூவில் வாயால் கேட்கிறார்கள்: எப்போது கல்யாணம், எப்போது குழந்தை? என்னிடம் வரும் பெண்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கேட்டவர் பெயர், தேதி, கேட்ட வார்த்தை, மூன்றையும் அன்றிரவே எழுதி உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.