உடல் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி?

தமனிகளின் சுவர் மீது இரத்தம் செலுத்தும் விசையே இரத்த அழுத்தம். இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவும், அது பாயும் நுண்தமனிகளின் குறுக்கமும் இதைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் மாற்றியே உடல் அழுத்தத்தைச் சீராக்குகிறது.

படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தம் கால்களிலும் அடிவயிற்றிலும் உள்ள சிரைகளில் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைவதால் அழுத்தம் தாழ்கிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள உணர்விகள் இத்தாழ்வை உடனே கண்டறிந்து, மூளையின் முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. அங்கிருந்து செல்லும் நரம்புக் கட்டளைகளால் இதயத்துடிப்பு விரைவாகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இவை அனைத்தும் சில விநாடிகளில் நிகழ்ந்துவிடும். முதியோருக்கும் நீண்டகால நீரிழிவு நோயாளிகளுக்கும் இந்த எதிர்வினை மந்தமாவதுண்டு. எழுந்ததும் தலைசுற்றி விழுவதற்கு அது முக்கியக் காரணம்.

நீண்டகாலக் கட்டுப்பாடு சிறுநீரகங்களின் பொறுப்பு. அழுத்தம் குறைந்தால் அவை ரெனின் என்ற நொதியைச் சுரக்கின்றன. 1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகெர்ஸ்டெட், பெர்க்மன் ஆகிய இருவர் முயலின் சிறுநீரகத்திலிருந்து கண்டறிந்த பொருள் இது. ரெனின் தொடங்கி வைக்கும் வேதிவினைகளின் முடிவில் உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2, இரத்தக் குழாய்களைச் சுருக்குவதுடன் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோனையும் தூண்டுகிறது. அதனால் உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. இந்தத் தொடரைத் தடுக்கும் கேப்டோபிரில் என்ற மருந்து, பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சைப் பற்றிய ஆய்விலிருந்து பிறந்தது.

இவ்வளவு காவல் இருந்தும் உயர் இரத்த அழுத்தம் ஏன் உண்டாகிறது? அழுத்தம் ஓரிரு நாள்கள் உயர்ந்தே இருந்தால், கழுத்திலுள்ள உணர்விகள் அந்த உயர் அளவையே இயல்பானதாக ஏற்றுக்கொள்கின்றன. சிறுநீரகங்களும் காலப்போக்கில், அழுத்தம் கூடினால்தான் உப்பை வெளியேற்றும் நிலைக்கு மாறுகின்றன. இதன்பின் உடல் அந்தத் தவறான அளவையே பாதுகாக்கத் தொடங்குகிறது. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. தலைவலி வந்தால் தெரிந்துவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அறிகுறியே இல்லாத நிலையிலும் மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் குழாய்கள் சேதமடைந்து வரும்.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 சதவீதத்தினரும் பெண்களில் 21 சதவீதத்தினரும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அல்லது அதற்கு மருந்து உட்கொள்பவர்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு உண்ணும் வீடுகளில் அந்த வரம்பு எளிதில் மீறப்படுகிறது.

மருந்து உட்கொண்டு அழுத்தம் சீரானதும் நோய் தீர்ந்ததாகக் கருதிப் பலர் அதை நிறுத்திவிடுகின்றனர். ஆனால் மாத்திரை அழுத்தத்தைத் தாழ்த்தி வைக்கிறதே தவிர, அதை உயர்த்திய காரணங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. எனவே, மருந்தை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில நாள்களிலோ வாரங்களிலோ அழுத்தம் மீண்டும் ஏறிவிடுகிறது.