ஹேண்டில் போட்ட காலம்

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டைக்கு அந்த மரியாதை தகும்தான். ஆனால் இந்த வட்டாரத்தின் வரலாற்றில் கிணற்றடிக் கொட்டகைக்கும் பங்கு உண்டு. மழைக்காலம் போனால் சங்கராபரணி ஆறு மணலாகிவிடும். நெல்லுக்கும் மணிலாவுக்கும் கிணறும் ஏரியுமே கதி. கவலையில் மாடு பூட்டி இறைத்த கிணறுகளுக்கு ஆயில் இன்ஜின் வந்தது, பின்னால் கரண்ட் மோட்டார் வந்தது. 1990இல் விவசாய மின்சாரம் இலவசமானதும், டீசலுக்குக் காசு கொடுத்து இன்ஜின் ஓட்டும் அவசியம் குறைந்தது. மாதக்கணக்கில் மூலையில் கிடந்த இன்ஜினை எழுப்ப அன்று கையாண்ட முறை, இன்று ஷெட்டில் கிடக்கும் காருக்கும் பொருந்தும் என்பதே என் கட்சி.

நின்றுபோன இன்ஜினில் சிலிண்டர் சுவரிலும் பேரிங்கிலும் இருந்த எண்ணெய் கீழே வடிந்துவிடுகிறது. ஈரம் பட்டால் பிஸ்டன் ரிங் துருவோடு சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆயில் இன்ஜின்காரர் என்ன செய்தார்? அமுக்கத்தை விடும் லீவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினார். எங்கேயாவது பிடித்தால் கைக்கே தெரிந்துவிடும். தடையில்லாமல் சுழன்ற பிறகுதான் வேகம் கூட்டி, லீவரைப் போட்டார். செல்ப் மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. ஒட்டிய ரிங்கையும் உடைத்துக்கொண்டு சுற்றப் பார்க்கும்.

கார் ஹேண்டில் கையை முறித்ததே என்பார்கள். உண்மை. 1912இல் கெடிலாக் கார் செல்ப் ஸ்டார்ட்டரோடு வந்ததற்கு அந்த ஆபத்தும் ஒரு காரணம். ஆனால் அது திருப்பி உதைத்தது பெரும்பாலும் ஸ்விட்ச் போட்ட நிலையில், தீப்பொறி முந்தி விழுந்தபோது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கச் சொன்னதும் அதற்காகவே. ஸ்விட்சை அணைத்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டால் உதைக்க அமுக்கமே இராது.

இன்றைய காரில் ஹேண்டிலுக்குத் துளையே இல்லை என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அம்பாசிடரோடு அந்தப் பழக்கம் போய்விட்டது. துளை போனாலும் கிராங்க் புல்லியின் நடு போல்ட் இருக்கிறது. பிளக் துளைகளில் சில சொட்டு எண்ணெய் விட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் ஓடும் திசையிலேயே ஸ்பேனரால் இரண்டு சுற்றுச் சுற்றலாம். கைவேகத்தில் ஆயில் பம்பு போதிய அழுத்தம் தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, பிளக் இல்லாமலே செல்பைச் சில விநாடிகள் விட்டுவிட்டு ஓட்டவேண்டும். ஹேண்டில் காலத்தில் இல்லாத தொல்லை ஒன்றும் சேர்ந்திருக்கிறது: எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பல மாதம் தேங்கியதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவதே நல்லது. ஏர் பில்டரையும் திறந்து பாருங்கள், எலி குடியேறியிருக்கலாம்.