சப்த கன்னியர் மலையில் வீழ்ந்த விமானம்

இலங்கையின் மத்திய மலைநாடு மேற்கே களனி கங்கைப் பள்ளத்தாக்கை நோக்கிச் சரியும் விளிம்பில், நோர்ட்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு அண்மையில், மலைத்தொடரொன்று உண்டு. அதனைச் சப்த கன்னியர் மலை என்பர். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு பத்து மணி கழிந்த சிறிது நேரத்தில், ஒல்லாந்த நாட்டு மார்ட்டினெயர் நிறுவனத்தின் டி.சி. 8 விமானமொன்று அம்மலையில் மோதிச் சிதறியது. அதிற் சென்ற 191 பேரில் ஒருவரேனும் பிழைத்திலர். இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துக்களுள் உயிர்ச்சேதத்தால் இதுவே மிகப் பெரியது.

இறந்தோருள் ஒன்பதின்மர் விமானப் பணியாளர். ஏனைய 182 பேரும் ஹஜ் யாத்திரிகர். யாவாத் தீவின் சுரபாயா நகரிலிருந்து புறப்பட்டுக் கட்டுநாயக்காவில் தரித்து, அப்பால் ஜித்தா செல்லவிருந்தனர். அவ்வாண்டு ஹஜ் பெருநாளுக்கு ஏறக்குறைய மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன.

விமானத்தில் இயந்திரக் கோளாறு ஏற்பட்டு அது வீழ்ந்ததென்று எண்ணுதல் தவறு. நன்கு பறந்துகொண்டிருந்த விமானமே, விமானிகள் அறியாவண்ணம், மலையிற் சென்று மோதியது. கட்டுநாயக்காவை நெருங்குகையில், தாம் நிலையத்திலிருந்து 14 மைல் தொலைவில் இருப்பதாக அவர்கள் றேடியோ மூலம் அறிவித்தனர். அத்தூரத்தில் கீழே இருப்பது மேல்கரைச் சமவெளி. ஆதலின் 2000 அடி வரை இறங்க அனுமதி கிடைத்தது. அவ்வனுமதி, விமானிகள் கூறிய தொலைவு மெய்யானால் மட்டுமே பொருந்துவது. மெய்யோ வேறாயிருந்தது. சுமார் 4355 அடி உயரத்தில் விமானம் மோதிய இடம், நிலையத்திலிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவிலுள்ளது. இறங்கும் விமானத்தின் வேகத்திற் கணக்கிட்டால் இவ்வேறுபாடு ஏறக்குறைய ஆறு நிமிடப் பயணமேயாம். அந்த ஆறு நிமிடங்களுக்குள் மலைநாட்டின் விளிம்பு குறுக்கிட்டது.

இத்துணைப் பெரிய பிழை எங்ஙனம் நேர்ந்தது? விமானத்திலிருந்த டொப்ளர் வழிகாட்டுக் கருவியிலும் வானிலை றேடாரிலும் தங்கியிருந்தமையே காரணமென்றும், அவை பிழையாகப் பொருள்கொள்ளப்பட இடமளித்தன என்றும் விசாரணை முடிவு கூறிற்று. டொப்ளர் கருவி நிலத்தை நோக்கி அலைகளைச் செலுத்தி, தெறித்து மீளும் அலைகளின் அதிர்வெண் மாற்றத்தினால் விமானத்தின் வேகத்தையும் காற்றினால் நேரும் விலகலையும் அளப்பது. இடத்தை அது நேரே காண்பதில்லை. சென்ற தூரத்தைக் கூட்டிக் கூட்டிக் கணிக்கிறது. ஆகவே, சிறு பிழையும் நெடும் பயணத்திற் பெருகும். கடற்பரப்பின் மீது அதன் அளவீடு மேலும் நம்பிக்கை குறைந்தது. சுரபாயாவிலிருந்து இலங்கை வரையுள்ள வழியிற் பெரும்பகுதி கடலே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வானிலை றேடாரோ மழைமேகத்தைக் காண்பதற்கென அமைந்தது. அதன் திரையிற் கரையோரத்தின் உருவையும் காணலாமாயினும், எது எந்த இடமென அது சொல்லாது. அதனைத் தீர்மானிப்பவன் மனிதனே. இரு கருவிகளும் ஒன்றையொன்று திருத்தாது உடன்படுவனபோலத் தோன்றுமிடத்து ஐயத்துக்கு இடமேது? விமானிகளின் கவனக்குறைவென்று ஒரே சொல்லில் இவ்விபத்தை முடித்துவிடுவோர் இதனை மறக்கின்றனர்.

இதற்கு மூன்று நாள் முன்னரே, டிசம்பர் முதலாம் நாள், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் மற்றொரு பயணிகள் விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அங்கே குழப்பம் விளைத்தது கருவியன்று. இறங்க அளித்த அனுமதியின் பொருளைத் தரையிலிருந்தோரும் விமானிகளும் வெவ்வேறாகக் கொண்டமையாகும். இவ்விபத்தை அடுத்து, நிலம் நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை அமெரிக்க அரசு பெரிய விமானங்களிற் கட்டாயமாக்கியது. அக்காலக் கருவி நேர் கீழுள்ள நிலத்தை மட்டுமே அளந்தது. செங்குத்தான மலைச்சரிவின் முன் அதன் எச்சரிக்கை சில விநாடிகளே முந்தியது. உலகின் நிலவுருவப் படத்தையே நினைவிற்கொண்டு முன்னோக்கி எச்சரிக்கும் கருவி 1990களிலேதான் வந்தது.

விமானத்தின் சில்லொன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. நான்கு ஆண்டுகளுக்குள், 1978 நவம்பர் 15ஆம் நாள், ஐஸ்லாந்து நாட்டு டி.சி. 8 விமானமொன்று கட்டுநாயக்காவை அண்மித்துத் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. 183 பேர் இறந்தனர். அவ்விமானத்தின் பயணிகளும் இந்தோனீசிய ஹஜ் யாத்திரிகரே. அவர்கள் கடமை முடித்துச் சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.